காதில் கம்மல் இல்லாத பூனை

காலை பத்தேகாலுக்கு அந்தப் பூனை வாயைத் திறந்து மூச்சுவிடத் தொடங்கியது. மூன்று நாளாகச் சளியாம். பாறசாலைப் பக்கத்து மிருகாஸ்பத்திரி வராந்தாவில், அதை ஒரு கூடையில் வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

“டாக்டரு பசுவைப் பாக்கப் போயிருக்காராம். ஊசி, எக்ஸ்ரேன்னு எவ்வளவு ஆகுமோ? பூனைக்கு இன்சூரன்ஸ் உண்டா?” என்றாள் மனைவி.

“பசுவுக்காக்கும் உண்டு. அதுக்குத்தான் காதுல நம்பர் போட்ட கம்மல் குத்துவாங்க. நீயும் இதுக்கு ஒரு கம்மல் போட்டுப் பாரு.”

“சிரிக்காதீங்க. எனக்க மோளு ஸ்கூல் விட்டு வந்து பூனை எங்கன்னு கேட்டா, நான் என்ன சொல்லுவேன்?”

பூனையின் ஈறு வெளிறியிருந்தது. அவள் பையிலிருந்து பிள்ளைகளுக்கான காய்ச்சல் மருந்தை எடுத்து மூடியில் ஊற்றினாள்.

“காலையில குடுத்தது பத்தலை போல. இன்னும் கொஞ்சம் குடுக்கேன்.”

அதே மருந்து எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

அப்போதுதான் டாக்டர் வந்து இறங்கினார். மூடியைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்தார்.

“வேண்டாம்மா, இது பூனைக்கு விஷமாக்கும்! முன்னாடியே குடுத்தாச்சா? எப்போ? சீக்கிரம் சொல்லுங்க, முறிமருந்து போடணும்.”