மூன்று விரல் இறக்கம்

— …அந்தக் கறுப்பு சஸ்பென்ஷன் மாட்டின வண்டியில கேலன் ஒரே ஒரு தடவதான் உக்காந்தான், தோரா. ஒரு மேடு ஏறி எறங்கினதும் அவனையும் அவன் நாயையும் தூக்கி எறிஞ்சுது பாரு, மேல போன நாய் கீழ வர்றதுக்குள்ள குட்டி போட்டிருச்சு!

— கேலனோடது ஆம்பள நாய், ரூலன். அந்தக் கறுப்ப இதுவரைக்கும் எந்த வண்டியிலயும் மாட்டல. அட்டகூடப் பிரிக்காமக் கெடந்தத போன வாரம் நான்தான் ஹாலுக்கு இழுத்துட்டு வந்தேன்.

— அதே மாதிரி வேற ஒண்ணுன்னு சொல்ல வந்தேன்.

— ம். அப்புறம்?

— அப்புறம் என்ன, செவப்பு சஸ்பென்ஷன்தான். ரெண்டு ஆள் உக்காந்து போறதுக்குன்னே செஞ்சது. சோபா மாதிரி. கையில சூடா சாக்லேட் பால வெச்சுக்கிட்டு ஹார்ட்லி மேட்டையே தாண்டலாம், ஒரு சொட்டு சிந்தாது. உன் இடுப்புக்கு வண்டி கெளம்பினதே தெரியாது. எறங்கும்மான்னு நான்தான் எழுப்பணும்.

— மூணு வாரமா இதே பாட்டு. செவப்புங்கிற. சரின்னு நான் ஸ்பேனர எடுத்தா, இரு, கறுப்பையும் யோசிக்கணும்ங்கிற. ஹால் நடுவுல பின்பக்கம் இல்லாத பனி வண்டி, உன் ஸ்னோமொபைலு, குடல் எடுத்த மீன் மாதிரி கெடக்கு. அதத் தாண்டித்தான் நான் அடுப்படிக்குப் போறேன், அதத் தாண்டித்தான் படுக்கப் போறேன்.

— கொட்டகை புதையப்போகுதுன்னு வண்டிய வீட்டுக்குள்ள ஏத்தினேனே, அதுக்கு ஒரு நன்றி சொன்னியா, மகாராணி?

— ஓடிட்டிருந்த வண்டி. நம்மகிட்ட இருக்கற ஒரே வண்டி. அதோட பின்சஸ்பென்ஷன ஜனவரி மாசத்துல எவனாவது கழட்டுவானா?

— மலை வண்டியா மாத்தணும்னு நெனைக்கறவன் கழட்டுவான். அது சமவெளியில ஓடறதுக்கு செஞ்சது. அடியில சுத்தற ரப்பர் பட்டை குட்ட. நம்ம பனிக்கு நீளமான பட்டை வேணும், நீளப் பட்டைக்கு நீளமான சஸ்பென்ஷன் வேணும். போன வருஷம் அந்த மேட்டுல வண்டி எப்படிப் புதைஞ்சுது! உன்ன மேல இழுக்க நான் கயித்த விட்டேன். பத்தல. இன்னொரு கயித்த முடிஞ்சு விட்டேன். அதுவும் பத்தல. கடைசியில என் பேண்ட்டக் கழட்டி—

— பனி என் இடுப்பளவு இருந்துச்சு. நானே எந்திரிச்சு வந்தேன்.

— நீ பாத்தது மேலாப்புல.

— ரூலன், எல்லா ஜன்னலும் வெள்ளையா அடைச்சிருக்கு. பகல் பன்னெண்டு மணிக்கு விளக்கு எரியுது. அடுப்பு சத்தம், கூரையில பனி முனகற சத்தம், உன் குரலு. வேற ஒண்ணும் காதுல விழல. நேத்து நான் மாவு பிசையும்போது மாவுகிட்டப் பேசிட்டிருந்தேன். அது பதில் சொல்லும்னு கொஞ்சம் நின்னும் பாத்தேன்.

— அதுக்குத்தான் நான் இருக்கேனே! மேல மாடி ஜன்னல் இன்னும் தெறந்துதான் இருக்கு. செவ்வாக்கிழம ஒரு மூஸ் மான் அது வழியா தலைய நீட்டி, இன்னிக்கு என்ன சமையல்னு கேட்டுச்சு. ஸ்டூன்னேன். யாரோட ஸ்டூன்னு கேட்டுச்சு. ஒரே சங்கடமாப் போச்சு எனக்கு.

— செவ்வாக்கிழம தலைய நீட்டினது கேலன். தபால் கொண்டாந்தான்.

— பனியோட பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். சரி, மூஞ்சிய அப்படி வெக்காத. பீச் பழ பாட்டில் ஒண்ணு ஒடைப்போமா? இரு, மாடிப்படிக்குக் கீழ போய் எடுத்துட்டு வரேன்.

— வேணாம்! நீ உக்காரு. நான் எடுத்துக்கறேன்.

— செப்டம்பர்லேருந்து என்ன அந்தப் பக்கமே விடமாட்டேங்கிற. ஒரு பீச் பாட்டில்கூட எடுக்கத் தெரியாதவனா நான்?

— நீ போனா பத்தத் தட்டி விட்டுட்டு ஒண்ண எடுத்துட்டு வருவ. பேச்ச மாத்தாத. கேலன் அன்னிக்கு சொன்னது காதுல விழுந்துச்சா இல்லியா?

— எது?

— ஆஷ்டன்ல பேக்கரிக்கு மேல இருக்கற மாடி ரூம். சனிக்கிழமைக்குள்ள வந்து சாவி வாங்கலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு பேக்கரிக்காரி நெட்ரா சொல்லி விட்டிருக்கா. எனக்காக யாருக்கும் குடுக்காம வெச்சிருந்து அவளும் அலுத்துட்டா.

— அந்தப் பொந்தா? அதுல பூனைய விட்டா பூனைக்குத் திரும்பிப் படுக்க எடம் இருக்காது.

— கீழ கடைக் கதவுல மணி கட்டியிருக்கு. ஆள் வரும்போதெல்லாம் அடிக்கும். தெருவப் பாத்து ஜன்னல். அது போதும் எனக்கு.

— அப்ப கேலன்கிட்டயே சொல்லியிருக்கலாமே, பின்னால உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பான்.

— நான் என்ன மூட்டையா, ஏத்திட்டுப் போக? நானே ஓட்டிட்டுப் போவேன்.

— மீட்புக் குழுவுக்கு ரேடியோல சொன்னா ஓடி வருவாங்க.

— வந்து என்ன ஸ்ட்ரெச்சர்ல கட்டி இழுத்துட்டுப் போவாங்க. ஊர்ல எல்லாரும் எட்டிப் பாத்து, இழுத்துட்டுக் கெடக்காளா, முடிஞ்சுதான்னு கேப்பாங்க. வேணாம்ப்பா. இந்த வண்டிக்குப் பின்னால நாலு போல்ட்டு. நாலே நாலு. நாலு போல்ட்டுக்கு மூணு வாரம் யோசிக்கற மனுஷன நான் எங்கயும் பாத்ததில்ல.

— எந்த நாலு போல்ட்டுங்கறதுலதான் சூட்சுமமே இருக்கு, தோரா.

— என்ன சூட்சுமம்? முதல் வாரமே செவப்ப மாட்டிப் பாத்தோம். நான் தனியா ஏறினேன், கல்லு மாதிரி நின்னுச்சு. நீயும் ஏறின, மூணு விரல் எறங்குச்சு. ஆள் உக்காந்தா மூணு விரல் எறங்கணும், அதான் கணக்குன்னு நீதான சொன்ன?

— நான்தான் சொன்னேன். ஸ்பிரிங் வாங்கறப்பவே ஏறப்போற எடையச் சொல்லிடணும். எடைக்கு மீறின ஸ்பிரிங்கா இருந்தா தூக்கித் தூக்கிப் போடும். பத்தாத ஸ்பிரிங்கா இருந்தா வண்டி வாலத் தரையில தேச்சுட்டுப் போகும், திருப்பினா திரும்பாது. செவப்புக்கு நம்ம ரெண்டு பேர் எடையையும் சேத்து சொன்னேன்.

— என் எடைன்னு என்ன சொன்ன?

— நனைஞ்ச காட்டு வாத்து ஒண்ணுன்னு சொன்னேன்.

— நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, டாக்டரத் தவிர யாருக்கும் நான் என் எடையச் சொன்னதில்ல. சரி, அத விடு. மூணு விரல் எறங்குச்சுல்ல? அப்புறம் ஏன் மறுநாளே செவப்பக் கழட்டின?

— …கறுப்பும் ஒண்ணு இருக்கேன்னுதான்.

— அத எதுக்கு வாங்கின?

— வாங்கல. கேலன்கிட்ட ஒரு தொடை எல்க் மான் கறியக் குடுத்துட்டு மாத்திக்கிட்டேன். அந்த எல்க்குக்குக் கொம்பு மட்டும் இந்த ஹால்லேருந்து நெடுஞ்சாலை வரைக்கும் நீளம். நான் தனியா மலை உச்சிக்குப் போய் ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு…

— நகரு.

— என்ன பண்ற?

— கறுப்ப மாட்டறேன். அந்த முனையத் தூக்கு. தூக்குன்னா தூக்கு, இடுப்பு உனக்கில்ல, எனக்குத்தான் வலி.

— தோரா, இத பாரு, அது இறகு மாதிரி. ரெண்டு ஆள் தாங்காது. செவப்பு கனம்தான், பனியில கொஞ்சம் அமுங்கும்தான், ஆனா நாம போகும்போது—

— முதல் போல்ட்டு. அந்தப் பெரிய ஸ்பேனரக் குடு.

— நாம போகும்போது நம்ம ரெண்டு பேரோட கனத்துக்கு இது படுத்துரும்னு சொல்றேன்.

— நாம இல்ல, ரூலன்.

— என்ன?

— நாம இல்ல. நான். ரெண்டாவது போல்ட்டு. காதுல விழுந்துச்சா?

— இந்த ஹால்ல வெளிச்சம் கம்மி. போல்ட்டு கோணையா ஏறப்போகுது, பாத்து.

— அஞ்சு வருஷமா ஒவ்வொரு அக்டோபர்லயும், இதான் கடைசிப் பனி, அடுத்த வருஷம் ஊருக்குள்ள போயிடலாம்ன. ஒவ்வொரு நவம்பர்லயும் பாதை மூடிப்போகும். நீ கைய விரிச்சு, பாத்தியா, என்ன அழகுன்னு சிரிப்ப. உனக்கு இது அழகு. கதை சொல்றதுக்கு ஒரு காது இருந்தா உனக்குப் போதும். அந்தக் காது என்னோடது. அது நிரம்பிப் போச்சு.

— எத்தன நாளைக்கு?

— பனி உருகற வரைக்கும். அப்புறம் தெரியல. பொய் சொல்ல எனக்கு வராது, அது உன் வேல. மூணாவது.

— நீ போனா நான் யார்கிட்டப் பேசுவேன்? அந்த மூஸ் சரியான முசுடு. நான் பாதி சொல்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிடுது.

— சிரிக்க வெக்காத, ஸ்பேனர் நழுவுது.

— சும்மா சொல்லல. போன தடவ ஒரு வார்த்தகூட பேசாமத் திரும்பி உக்காந்துக்கிச்சு.

— நாலாவது. ஆச்சு. மூணு வாரம், நாலு போல்ட்டு. ஏறி உக்காரு.

— நானா?

— மலை உச்சிக்குப் போகத்தான வாங்கின? ஏறு.

— …ஹே, ஹே! என்ன இது, ஒரேயடியா…

— தரையிலயே முட்டிடுச்சு. உனக்கு வாங்கினது இல்ல இது. கேலனுக்கும் இல்ல, அவன் உன்னவிட ஒரு சுத்துப் பெருசு. எறங்கு. நான் ஏறறேன். நீ கீழ குனிஞ்சு விரல வெச்சுப் பாரு.

— குனிஞ்சா நான் எந்திரிக்க ஈஸ்டர் ஆயிடும்.

— குனி, ரூலன். எவ்வளவு எறங்கியிருக்கு?

— …ரெண்டு.

— சரியாப் பாரு.

— ரெண்டு விரல்தான், தோரா. மூணாவது நுழையல.

— உன் விரல் தடிமன்.

— என் விரலு இந்த ஒரு விஷயத்துல பொய் சொல்லாது.

— நான் என்ன லேசா? ஸ்வெட்டர் போட்டிருக்கேன், பூட்ஸ் போட்டிருக்கேன்…

— ரெண்டுதான்.

— அப்ப இதுவும் எனக்கில்ல. ஸ்பிரிங்கு என் எடைக்கு அதிகம். மேட்டு மேல ஏறி எறங்கறதுக்குள்ள இடுப்பு கழண்டுரும். நெடுஞ்சாலையப் பாக்கவே மாட்டேன். செவப்புல போனா கல்லு. இதுல போனா குதிர. நல்லா இருக்கு. சனிக்கிழமை போச்சு. மணி போச்சு, ஜன்னல் போச்சு. கழட்டிடு, ரூலன். இந்த ஹால்ல இப்படியே கெடக்கட்டும், துணி காயப் போட்டுக்கறேன்.

— …

— என்ன, தரையிலயே உக்காந்துட்ட? வாயத் தொற. இதுதான சமயம், ஜெயிச்சுட்ட, ஏதாவது ஒரு கதைய அவுத்து விடு. நீ பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல. பயமா இருக்கு.

— படிக்குக் கீழ பீச் பாட்டிலுக்குப் பின்னால நீ மறைச்சு வெச்சிருக்கற ரெண்டு சூட்கேஸையும் எடுத்துட்டு வந்து பின்னால கட்டிட்டு உக்காரு, தோரா. அதையும் சேத்துத்தான் செப்டம்பர்ல இந்தக் கறுப்ப நான் எடை சொல்லி வாங்கினேன்.