பெட்டியின் பின்பக்க வரி

கிளாடெட்: மணி மூணே கால், எவரெட்.

எவரெட்: அதுக்கு?

கிளாடெட்: ஒண்ணும் இல்ல... சும்மா சொன்னேன். என் பூந்தொட்டி ஏன் ஜன்னலுக்குப் போச்சு?

எவரெட்: வெயில் படட்டுமேன்னுதான். என்ன வேணும் உனக்கு?

கிளாடெட்: நம்ம பௌலிங் புரோகிராம், அதோட பெட்டிக்குப் பின்னாடி போடுற வரி. வாசிக்கிறேன், கேளு. "ஐபிஎம் பிசி, அல்லது அதனுடன் நூறு சதம் ஒத்துப்போகும் கம்ப்யூட்டர். டாஸ் இரண்டு புள்ளி ஒன்று, அல்லது அதற்கு மேல். மெமரி..."

எவரெட்: அறுநூத்தி நாப்பது கே.

கிளாடெட்: ஐநூத்திப் பன்னிரண்டு.

எவரெட்: அறுநூத்தி நாப்பது.

கிளாடெட்: சரி, முதல்ல இதைச் சொல்லு. எந்த மெஷின்தான் நூறு சதம் ஒத்துப்போகுது?

எவரெட்: எதுவும் இல்ல. அதனாலதான் போடுறோம். ஓடலன்னு யாராவது போன் பண்ணினா, உங்க மெஷின் நூறு சதம் இல்லீங்கன்னு சொல்லி வச்சிடலாம்.

கிளாடெட்: தொண்ணூத்தஞ்சுன்னு போட்டா?

எவரெட்: மீதி அஞ்சு எங்கன்னு போன் பண்ணுவாங்க.

கிளாடெட்: சிரிக்க வைக்காதே. மெமரிக்கு வா.

எவரெட்: எண்பத்தொன்பதாம் வருஷமே வந்தாச்சு. இன்னும் யாரு ஐநூத்திப் பன்னிரண்டு வச்சிருக்கா?

கிளாடெட்: லூயிஸ்டன் ஊர்ல இருக்கிற அத்தனை பௌலிங் லீக் செயலாளரும். மகனுக்குப் புது மெஷின் வாங்கிக் கொடுத்துட்டு, அவனோட பழசுல உட்கார்ந்து ஸ்கோர் ஏத்துறாங்க. அவங்களை விட்டா நமக்கு யாரு இருக்கா? அதுவும் போக, திங்கக்கிழமை நீதானே சொன்னே. வாயில டூனா சாண்ட்விச்சோட. "ஐநூத்திப் பன்னிரண்டு தாராளம்"னு.

எவரெட்: புரோகிராம் நானூத்தி எழுபது. அதை வச்சுச் சொன்னேன். டாஸ் உட்கார ஒரு அம்பது வேணும், அது மறந்துபோச்சு.

கிளாடெட்: மறந்துபோச்சு.

எவரெட்: அதனால என்ன? பெட்டி இன்னும் அச்சுக்குப் போகலயே.

கிளாடெட்: எவரெட், அது வந்து...

எவரெட்: போகலதானே?

கிளாடெட்: கீபோர்டைத் தட்டுறதை நிறுத்திட்டுக் கேளேன்.

எவரெட்: கேட்டுக்கிட்டேதான் தட்டுறேன்.

கிளாடெட்: காலையிலேயே அனுப்பிட்டேன். ஐநூத்திப் பன்னிரண்டுன்னு. நாலு மணிக்கு அச்சு ஓட ஆரம்பிச்சுடும். மூவாயிரம் பெட்டி.

எவரெட்: போன் பண்ணி நிறுத்து.

கிளாடெட்: முதலாளி ஹால்கிட்ட கேக்காம அச்சகக்காரன் நிறுத்த மாட்டான். ஹால் போன வருஷம் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?

எவரெட்: அந்த வருமான வரி புரோகிராம்...

கிளாடெட்: ஒரு ஃபிளாப்பி டிரைவ் போதும்னு பெட்டியில போட்டேன். ரெண்டு வேணுமாம். ரெண்டாயிரம் பெட்டிக்கு ஆபீசே உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டுச்சு.

எவரெட்: அந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் விருந்துல வான்கோழியைப் பசைக் கையோட தின்னேன்.

கிளாடெட்: இன்னொரு தடவை இப்படி ஆனா மேசையைக் காலி பண்ணிடுன்னு சொன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொல்லல.

எவரெட்: சரி, இப்போ நான் என்ன பண்ணணும்?

கிளாடெட்: கொஞ்சம் குறைச்சுக் கொடு. அந்த உதவிப் பக்கங்களை எடுத்துடேன்.

எவரெட்: எடுத்தா எல்லாரும் உனக்குத்தான் போன் பண்ணுவாங்க.

கிளாடெட்: ஐயோ, வேணாம். ஸ்ட்ரைக் விழுந்தா, பந்து பட்டுக் கட்டையெல்லாம் ஒரேயடியாச் சாயுற மாதிரி ஒரு படம் வருமே...

எவரெட்: அதுல கை வைக்காதே.

கிளாடெட்: அது எவ்வளவு மெமரி பிடிக்குது?

எவரெட்: பதினாலு.

கிளாடெட்: நமக்கு எவ்வளவு வேணும்?

எவரெட்: எட்டு, பத்து... மூணு வாரம் பண்ணினேன் கிளாடெட். பத்துக் கட்டையும் தனித்தனியா விழும். கடைசிக் கட்டை தள்ளாடி...

கிளாடெட்: விழலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு விழும். தெரியும். இருபது தடவை கூப்பிட்டுக் காட்டியிருக்கே.

எவரெட்: இருபது இருக்காது.

கிளாடெட்: சரி, விடு. அதை எடுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஹால்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். நாலு மணிக்கு முன்னாடி சொன்னா பெட்டியாவது மிஞ்சும்.

எவரெட்: போறப்போ அந்த மூலை மெஷினைப் பார்த்துட்டுப் போ.

கிளாடெட்: எது, மேல என் பூந்தொட்டி இருந்துச்சே, அதா? அதுல என்ன... எவரெட், இது ஓடுது.

எவரெட்: அதுல மெமரி எவ்வளவு?

கிளாடெட்: ஐநூத்திப் பன்னிரண்டு. நம்ம புரோகிராமா இது?

எவரெட்: ஒரு ஸ்ட்ரைக் போட்டுப் பாரு.

கிளாடெட்: இரு... ஸ்கோர் ஏறிடுச்சு. ஆனா கட்டை விழல. ஒரு நட்சத்திரம் மட்டும் வருது.

எவரெட்: அது போதும். நிஜக் கட்டை விழுறதைப் பார்த்துட்டுத்தானே அவங்க ஸ்கோர் ஏத்த வராங்க.

கிளாடெட்: நான் அனுப்பினது உனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?

எவரெட்: நீ காபி வாங்கப் போனப்போ அச்சகத்திலிருந்து போன் வந்துச்சு. "ஐநூத்திப் பன்னிரண்டுதானே?"ன்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டு, அந்தப் படத்தை எடுத்தேன்; ஓட்டிப் பார்க்க உன் பூந்தொட்டியைத் தூக்கி ஜன்னல்ல வச்சேன்.

கிளாடெட்: அப்போ இவ்வளவு நேரம் என்னை எதுக்குடா கெஞ்ச விட்டே?