எல்லைக்கு அப்பால் மாயா

"படு மாயா! கீழே படு!"

கத்துகிறேன். தி.நகர் ஜவுளிக்கடை. புடவை அடுக்குகளுக்கு நடுவே நிற்கிறேன். காதில் கைபேசி. முதலில் ஒரு சீறல். பிறகு வெடி. பிறகு ஓடுகள் சரியும் ஓசை.

மாயா என் மனைவி. அண்டை நாட்டுக்காரி. அடையாறில் நர்ஸாக இருந்தவள். தமிழை அங்கேதான் கற்றாள். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததென்று பிறந்த ஊருக்குப் போனாள். எல்லையோர ஊர்.

அங்கே ஒரு பழைய கோயில். இரு மதத்தாரும் விளக்கேற்றுவார்கள். இங்கே தேர்தல் வந்தது. எங்கள் தலைவர் மேடைக்கு மேடை சொன்னார். "அந்தக் கோயில் நம்முடையது. மீட்காமல் ஓயமாட்டேன்." கூட்டம் ஆர்ப்பரித்தது. ஓட்டுக்கான பேச்சு என்றார்கள் கடையில்.

அங்கே அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பட்டாளம் வந்து இறங்கியது. மாயா வீட்டுக் கொல்லையில் பீரங்கி நிறுத்தினார்கள். கோயிலுக்குப் போகிறவர்களை உளவாளி என்றார்கள். அவள் தம்பி தபனை விசாரிக்க அழைத்துப் போனார்கள். எல்லையை மூடினார்கள். மாயா மாட்டிக்கொண்டாள்.

யார் முதலில் சுட்டது? எனக்குத் தெரியாது. இரு நாடும் எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டுகின்றன.

மறுபடி சீறல்.

"அம்மாவத் தூக்க முடியலங்க!"

"விட்டுட்டு ஓடு!"

அப்படித்தான் கத்தினேன். அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்கிறது. வெடி. இணைப்பு அறுந்தது.

வெளியே பட்டாசு. எங்கள் படை பதிலடி கொடுத்துவிட்டதாம். லட்டுத் தட்டோடு ஒருவர் உள்ளே வந்தார்.

"எடு நைனா! நம்ம அடி இன்னா அடின்னு பாத்தியா!"

முதலாளி அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். தட்டை மறித்தார்.

"வெளிய போவே! இவன் பொண்டாட்டி அங்கதான் கெடக்கா."

வந்தவர் முகம் சுருங்கியது. லட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

திரும்பத் திரும்ப அழைத்தேன். மணியே அடிக்கவில்லை. விமான நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தேன். கிண்டி தாண்டவில்லை. எந்த விமானம் போகிறது? இறங்கினேன். பாலத்தடியில் நின்றேன். எங்கே போவதென்று தெரியவில்லை.

சண்டை ஓய்ந்தது. தலைவர் வென்றார். மாயா வந்தாள். திருவான்மியூர் வீட்டில் இருக்கிறாள். கதவு அறைந்தால் தரையில் படுத்துவிடுகிறாள். நானும் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். வேறென்ன செய்ய?

போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். மாமியார். ஓட்டு வீடு. தபன், உயிரோடா இல்லையா, யாரும் சொல்லவில்லை. கோயில், எந்தப் பக்கத்துக் குண்டோ. மாயாவின் வலது காது.

அவள் வயிற்றிலிருந்த பிள்ளையும். நேரில் வந்து சொல்லலாமென்று வைத்திருந்தாளாம்.