வளர்ச்சி பூஜ்யம்

— அடிக்காதீங்கோ பாய். கண்ணாடி உடைஞ்சு போயிடுத்து, பல்லு ஆடறது. பேசிக்கலாம்.

— பேசத்தான் வந்துகீறேன், கேசவன் சார். கோவளத்துல தம்பிய மண்ணுல வெச்சிட்டு, கை கூட கழுவாம நேரா பாக்டரிக்கு வரேன். ஏறு, டேங்க் மேல ஏறு.

— மாட்டேன்.

— ஸ்பேனரு கைல கீது சார். முட்டிய ஒடைச்சி தூக்கினு போனா உனுக்குத்தான் பேஜாரு... ஆங், அப்டி ஏறு. இப்ப மூடிய தொற.

— பஷீர் செத்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்? பெனிசிலின் பூசணம் எவ்வளவு சர்க்கரை தின்னும், எவ்வளவு வேகமாப் பெருகும்னு காகிதத்துல கணக்குப் போடறவன் நான்.

— அந்தக் காயிதத்த வெச்சித்தான இங்க வேலையே நடக்குது. நீ கோடு போட்டுக் குடுத்தா நாங்க வால்வ தொறப்போம், மூடுவோம். நேத்து இந்த டேங்க்ல அடி பைப்பு அடைச்சிகினு பூசணக் கூழு எறங்கல. எமர்ஜென்சி காலம், வேல நின்னா மேனேஜரு போலீசுக்குப் போன் போட்டுருவாரு. உன் ரூம்ல வந்து கேட்டேனா இல்லியா, பூசணம் இன்னா ஆச்சுன்னு?

— கேட்டேள். வளர்ச்சி பூஜ்யம்னு சொன்னேன். சரியாத்தான் சொன்னேன்.

— சரியாத்தான்னு இன்னொரு தபா சொன்னே, தாடைய பேத்துருவேன். பூஜ்யம்னா செத்துப்போச்சுன்னுதான எனுக்குப் பட்டுது.

— வளராததெல்லாம் செத்ததா பாய்? நான் வளர்றது எப்பவோ நின்னாச்சு, மூச்சு விடலையா? பூசணமும் அப்படித்தான். நீங்க காத்து வால்வை மூடிட்டேள். அது விட்ட கரியமில வாயு கனமானது, அடியிலேயே தங்கிடுத்து.

— இத நேத்தே சொல்றதுக்கு இன்னா?

— அடைப்பெடுக்க ஆளை உள்ள இறக்கப்போறேள்னு தெரியாதே. வளராதப்பவும் பூசணம் விடற மூச்சுக்குன்னு கணக்குல ஒரு எண் சேர்க்கணும். ரொம்பச் சின்ன எண். சுலபமா முடியட்டும்னு விட்டுட்டேன்.

— சின்ன எண்ணு. அவன கொக்கி போட்டு இழுத்தோம் சார். கன்னம் கிழிஞ்சி வந்தான். அந்த மூஞ்சத்தான் எங்கம்மா பாத்துது.

— கழுத்தை விடுங்கோ. எனக்குப் பெண் குழந்தை இருக்கா.

— நேத்து மூடுன மூடி. அந்த வாயு இன்னும் உள்ள கீதா?

— இருக்கும். எங்க போகும்?

— இப்ப எறங்கினா?

— ரெண்டு மூச்சு. அடுத்ததுல நினைவு தப்பிடும். அப்புறம் யாராலயும் காப்பாத்த முடியாது. சத்தியமாச் சொல்றேன் பாய், தள்ளாதீங்கோ.

— இந்த தபா எதையும் விட்டுடலியே?

— எதையும் விடலை.

— உன்ன யாரு சார் தள்ளப்போறா? பஷீரு பாதி ஏணிலேர்ந்து திரும்பி ஏறி வந்தான். அண்ணே, மூச்சு முட்டுதுன்னான். சாரைவிட உனுக்குத் தெரியுமாடான்னு மூஞ்சில அறைஞ்சி, நான்தான் திருப்பி எறக்கினேன். இந்தா, ஸ்பேனர நீயே வெச்சிக்க. நகரு, உள்ள எறங்க எனுக்கு வழி வுடு.