பதினாலாம் நம்பர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கோல சிலாங்கூரிலிருந்து கிள்ளான் போகும் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம்.

“ஆராய்ச்சி முடிஞ்சு ஒரு மாசமாச்சு. பதினாலாம் நம்பர் இன்னும் பதில் போடறாருடி.”

“எதுக்குப் பதில்?”

“மத்தியானம் ஆனா ‘வேலை எப்படிப் போகுது?’ன்னு என் ஆப் தானா கேக்கும்ல, அதுக்கு. நான்தான் மூட மறந்துட்டேன். நேத்து, ‘புரோகிராம் ஓடுது. மழை. இன்னிக்குப் பேசினது உன்கிட்ட மட்டும்தான்’னு எழுதியிருக்காரு.”

“மெஷின்கிட்டயா? கிறுக்குதான்லா!”

“சிரிக்காதடி. ஆராய்ச்சியைப் பாத்துக்கிற எங்க சார் ஆப்பை இன்னிக்கே மூடச் சொல்லிட்டாரு.”

“அப்ப நீயே போன் பண்ணிப் பேசேன்.”

“யாருன்னே தெரியாதே. பேரு, ஊரு எதுவும் கேக்கக்கூடாது, அதான் ரூல். வெறும் நம்பர்தான்.”

ஜெராம் தாண்டும்போது அவள் போனில் எதையோ அமுக்கினாள். “மூடியாச்சு” என்றாள்.

பதினாலா, பதினேழா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்த ஆளுக்கு அங்கே இருந்த பேர் அது ஒன்றுதான். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.