உப்பிட்ட உத்தமர் தர்மராஜ் அவர்களுக்கு

படூர் பொன்னலை வளாகத்தின் பராமரிப்பு மேலாளராய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் வீற்றிருந்து, இன்று பணிநிறைவு பெறும் பண்பின் பெட்டகமே! கீழே கடைகளும், நடுவே அலுவலகங்களும், மேலே குடியிருப்புகளுமாய் ஓங்கி நிற்கும் இக்கட்டடம் முழுமைக்கும் நீர் வார்த்த நெடியோரே! "குழாயைத் திறந்தால் தர்மராஜ் சார் முகம்தான் தெரிகிறது" என்று குடியிருப்போர் சங்கத் தலைவராலேயே மேடையில் புகழப்பட்ட புண்ணியரே! வணக்கம். கூப்பிய கைகளில் குளோரின் வாடை அடித்தால் பொறுத்தருள்க. புதன்கிழமையிலிருந்து அவை அப்படித்தான் இருக்கின்றன.

"மாசற்ற நீர் தந்த மாமனிதர்" என்னும் தொடர் இம்மடலில் தவறாமல் இடம்பெற வேண்டும் என்று போன வாரமே சொல்லியனுப்பினீர்கள். இதோ, இடம்பெற்றுவிட்டது.

தூய்மையைத் தொழுத தூயவரே! உங்கள் தூய்மை தொண்டையில் தொடங்கியது. குடிநீர் பாதுகாப்பு வாரம், கைகழுவும் விழிப்புணர்வு நாள், கொடியேற்றம் என எந்த மேடையிலும் முழங்கும் அந்த வெண்கலக் குரலைக் காக்க, நாள்தோறும் மூன்று வேளை வெந்நீரில் கல்லுப்பும் மஞ்சளும் கலந்து கொப்பளித்தீர்கள். அதற்கென்றே தரைத்தளத்தில் உள்ள உங்கள் அறையில், மேசைக்கு அருகில், பளிங்கு போன்றதொரு வாஷ்பேசின். நீங்கள் கொப்பளிக்கும் ஓசை லிஃப்ட் வாசல் வரை கேட்கும். "சார் கச்சேரி ஆரம்பிச்சிட்டாரு, மணி ஒம்போது ஆயிடுச்சு" என்று பிளம்பர் தேவசகாயம் கடிகாரத்தைப் பார்க்காமலே பம்பைப் போடப் போவார்.

மொட்டைமாடித் தொட்டியை நீங்கள் கழுவவைத்த அழகை என்னென்பது! ஆறு மாதத்துக்கொரு முறை பந்தல், பதாகை, புகைப்படக்காரர், எல்லாருக்கும் கேசரி. அந்த மேல்தொட்டிக்கு நீர் அனுப்புகிற நிலத்தடித் தொட்டியை, நம் பேச்சில் சொன்னால் சம்பை, கழுவியதாகத்தான் யாருக்கும் நினைவில்லை. கேட்டவர்களுக்கு விடை வைத்திருந்தீர்கள். "சம்புக்கு மூடியே கிடையாதுங்க. சீல்டு சிஸ்டம். காத்தே உள்ள போகாது, அழுக்கு எப்படிப் போகும்?" நாங்கள் கைதட்டினோம். மூடியே இல்லையென்றால், உள்ளே நின்று பூசிய கொத்தனார் எந்த வழியாக வீடு போய்ச் சேர்ந்தார் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தண்ணீர் கரிக்கிறது என்று மூன்றாம் மாடி அலுவலகத்தார் முறையிட்டபோதும் நீங்கள் கலங்கவில்லை. வெள்ளைப் பலகையில் கோவளத்தை வரைந்து, அங்கிருந்து படூர் வரை நீல அம்புகளைப் போட்டு, கடல் எப்படி நிலத்துக்குள் வருகிறது என்று ஒரு மணி நேரம் விளக்கினீர்கள். உரைக்கு முன் ஒரு தரம் கொப்பளித்தீர்கள். உரைக்குப் பின் இரண்டு தரம்.

கருணைக் கடலே! இந்த இடத்தில் செங்கம்மாள் அவர்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வளாகத்தின் வாசலில் கேன்டீன் நடத்தி நம் எல்லாருக்கும் டீயும் நாஸ்தாவும் தந்தவர். சென்ற மாதம் அதே மூன்றாம் மாடியில் பாதிப் பேர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாய்ப் படுத்தபோது, நோயின் மூலத்தை நொடியில் கண்டீர்கள். செங்கம்மாளின் டீ!

"இன்னா சார் பேசற? கொதிக்க வச்ச தண்ணியிலதானே டீ போடறேன்? அது உன் கொயாயிலதான் வந்துகினு கீது. அங்க போய்ப் பாரு!"

"என் தொட்டியவே குறை சொல்றியா?"

"தொட்டிய யாரு கண்டா? நீயே பாத்தது இல்லன்றியே!"

கேன்டீனைப் பூட்டிச் சாவியை இடுப்பு வளையத்தில் கோத்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து அவர் கேளம்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். "படூரையே படுக்க வச்ச அக்கா வந்துடுச்சு" என்று அங்கும் கேலி. வாங்க வந்தவர்களும் விலகிப் போகிறார்கள். வருகிற திங்கள் முதல் அவர் இடத்தைக் காப்பி இயந்திரக்காரருக்குக் கொடுக்க ஏற்பாடும் செய்திருக்கிறீர்கள்.

இனி, எங்கள் நெஞ்சை நிறுத்திய புதன்கிழமை.

உங்கள் மேல் உள்ள அன்பு மிகுதியால், நீங்கள் அமர்ந்து ஆண்ட அந்த மேசையையே இந்த மேடையில் வைத்து அழகு பார்க்க எண்ணினோம். நால்வர் சேர்ந்து தூக்கினோம். மேசைக் காலோடு ஒட்டிக்கொண்டு பச்சைக் கம்பளமும் கிளம்பி வந்தது. கீழே துருவேறிய இரும்புத் தகடு ஒன்று, கைப்பிடியோடு.

"அண்ணாத்த, இங்க ஒரு மூடி கீது!" என்றார் தேவசகாயம்.

"இன்னா மூடி? சார்தான் மூடியே இல்லன்னாரே" என்றார் காவலர் சம்பத்.

"அப்போ இது இன்னா, தோசைக்கல்லா?"

நீங்கள் ஓடோடி வந்து "தொடாதீங்கப்பா, அது எர்த்திங் பிளேட்!" என்று கூவினீர்கள். அதற்குள் நெம்பியாகிவிட்டது.

ஐயா, நாங்கள் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள். டார்ச் வெளிச்சத்தில் தண்ணீரின் மேல் பாலேடு போலப் பழுப்பாய் ஒரு படலம். உள்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு மஞ்சள் தடம். அந்தத் தடத்தைத் தொட்டுக்கொண்டே மேலே போன டார்ச், சம்பின் காற்றுத்துளையில் போய் நின்றது. அதற்குள் ஒரு குழாய் செருகியிருந்தது. குழாயின் மறுமுனையில் உங்கள் வாஷ்பேசின்! நீங்கள் பொறுப்பேற்ற வாரம் அறையை அலங்கரித்தவர், கழிவுநீரை எங்கே விடுவதென்று தேடி, தரையில் கண்ட முதல் ஓட்டையில் விட்டு, மேலே கம்பளத்தை விரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

உங்கள் கை உங்கள் தொண்டைக்குப் போனது. எங்கள் கைகள் எங்கள் வயிற்றுக்குப் போயின. சம்பத் மட்டும் சுவரோரமாய்ச் சரிந்து உட்கார்ந்து, "இருக்கற எல்லா வியாதிக்கும் இந்தத் தண்ணியிலதான் மாத்திர போட்டேன்" என்றார்.

உங்கள் உப்பைத் தின்று வளர்ந்தோம் என்று இத்தகைய மடல்களில் எழுதுவது மரபு. பன்னிரண்டு ஆண்டுகளாய் அதை நாங்கள் மரபுக்காகச் செய்யவில்லை! நீங்கள் திருவாய் மலர்ந்தருளிய சொற்கள் எங்கள் செவியை அடைந்தன. சொற்கள் தவிர்த்த மீதியும் வீண்போகவில்லை.

"விழா முடியட்டும்பா, ரெண்டே நாள்தான். அப்புறம் பாத்துக்கலாம்" என்றீர்கள். உங்கள் சொல்லை நாங்கள் மீறியது அதுவே முதல் முறை. அன்றே பம்பை நிறுத்தி, குழாயை அறுத்து, சம்பை வடித்துத் தேய்த்துக் கழுவினோம். குளோரின் போட்டோம். மாதிரி நீரைச் செங்கல்பட்டு ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வரும் வரை எல்லா மாடிக்கும் வெளியிலிருந்துதான் குடிநீர். மூடியைத் தரைமட்டத்துக்கு மேலே உயர்த்திப் பூட்டும் போடப் போகிறோம். அதன் மேல் இனி எவருடைய மேசையும் ஏறாது.

அன்பிற்குரியவரே! இதையெல்லாம் ஊரறிய வாசித்து உங்களைத் தலைகுனிய வைப்பது எங்கள் எண்ணமில்லை. தேவசகாயம் கால் முறிந்து கிடந்தபோது, அவர் வீட்டார் வந்து சேரும் வரை ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக் கிடந்தவர் நீங்கள். அந்த தர்மராஜ் சாரைத்தான் இன்று வழியனுப்ப வந்திருக்கிறோம். குழாய் செருகியது நீங்களல்ல. கம்பளம் விரித்ததும் நீங்களல்ல. ஆனால் கேன்டீனைப் பூட்டியவர் நீங்கள்தான்.

செங்கம்மாளை இவ்விழாவுக்கு அழைக்கப் போனோம். "மாலை போடவா? நான் இன்னாத்துக்கு போடணும்? வூட்டாண்ட வர்ற பசங்க கூட என் டீய மோந்து பாத்துட்டுத்தான் குடிக்குதுங்க. உங்க சார நாலு பேர் எதிர்ல 'உன் டீ மேல தப்பில்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. மாலை இன்னா, கிரீடமே வக்கிறேன்" என்றார். கிரீடத்துக்கு உறுதி சொல்லவில்லை நாங்கள். வந்தால் போதும் என்றோம். வந்திருக்கிறார். இரண்டாம் வரிசையில், ஓரத்து நாற்காலியில்.

ஓய்வுக்காலம் உங்களுக்கு ஓசையின்றி இனிக்கட்டும்! உங்கள் குடலும் குரலும் குறையின்றி விளங்கட்டும்! நல்ல தண்ணீரைக் குடித்து, நல்ல தூக்கம் தூங்கி, பேரப்பிள்ளைகள் களைத்துப்போகும் அளவுக்கு நீங்கள் களைக்காமல் நெடுங்காலம் வாழ வேண்டும்! இது மனமார.

இந்த மாலை முடியும் வரை நீங்களே எங்கள் மேலாளர். காப்பி இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல இன்றைக்கு உங்கள் வாய்க்குத்தான் அதிகாரம். ஒலிபெருக்கி உங்கள் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது. சால்வை எங்கள் கையில் இருக்கிறது. சாவி உங்கள் இடுப்பில் இருக்கிறது.

செங்கம்மாள் எழுந்து நிற்கிறார், ஐயா.

உங்கள் சொல்லுக்குக் காத்து நிற்கும்
பொன்னலை வளாகப் பணியாளர்கள், படூர்