மாயாவின் ஹீப்ரூ வகுப்பு

"என்னாலதான் என் பொண்ணு ஜூயிஷ் இல்லையாம், அக்கா."

அமெரிக்காவின் சன்னிவேலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோசைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னாள். அவள் கணவர் யூதர் என்பதும், மகள் மாயா ஞாயிறுதோறும் யூதக் கோயிலில் ஹீப்ரூ வகுப்புக்குப் போகிறவள் என்பதும் பேச்சிலேயே தெரிந்தது.

"யாரு சொன்னா?"

"கூடப் படிக்கிற பொண்ணுதான். அம்மா ஜூயிஷா இருந்தாத்தான் நீயும் ஜூயிஷ்னு சொல்லியிருக்கா. அதுலேர்ந்து இவ கிளாஸுக்கே போகல."

"உன் வீட்டுக்காரர் என்ன பண்ணாரு?"

"அந்தக் கோயில் குருவுக்கு போன் பண்ணாரு. அவங்க ஒரு லேடி. எங்களை வரச் சொன்னாங்க. என்னை கன்வெர்ட் ஆகச் சொல்வாங்களோன்னு பயந்துக்கிட்டேதான் போனேன்."

"சொன்னாங்களா?"

"இல்லக்கா. மாயாவைப் பார்த்து, 'எங்க கோயில்ல அப்பா ஜூயிஷா இருந்தாலும் போதும், நீ எங்க பொண்ணுதான்'னாங்க. கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் அதையே சொல்றேன்னாங்க. இன்னைக்குத்தான் திரும்பப் போயிருக்கா. கார்ல இருந்து இறங்கும்போது முகமே சரியில்ல."

அப்போது அவள் போன் அடித்தது. மகளின் குரல் எனக்கே கேட்டது.

"அம்மா, டோன்ட் கம் யெட்! வீ ஆர் மேக்கிங் பிரெட்!"

பின்னால் பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம்.

"சரிடா கண்ணா, மெதுவாவே வரேன்" என்று போனை வைத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, காபியும் சொல்லிடலாம். உட்கார்ந்தே சாப்பிடுவோம்."